'நாளைக்கு ஆள் வருவாங்க சார்!' - ஃபைபர் இணைப்பு இழுத்தடித்தால் என்ன செய்யலாம்?

முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம்... புதுச்சேரியில் எந்தப் பக்கம் விசாரித்தாலும் இந்த அனுபவம் உள்ள ஒரு வீடாவது இருக்கும். புது ஃபைபர் இணைப்புக்குப் பணம் கட்டியாயிற்று. 'ரெண்டு நாள்ல வந்துடும்' என்றார்கள். இரண்டு நாள் ஒரு வாரமாகிறது, ஒரு வாரம் மூன்று வாரமாகிறது. கஸ்டமர் கேரை அழைத்தால் முதலில் பாட்டு, பிறகு 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்'. கடைசியில் ஒரு குரல் கிடைத்தால் அது சொல்வது ஒரே பதில்தான்: 'நாளைக்கு ஆள் வருவாங்க சார்!'

காத்திருக்கும் வீட்டில் நஷ்டம் சின்னதல்ல. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் மொபைல் டேட்டாவுக்கு ரீசார்ஜ் மேல் ரீசார்ஜ் செய்கிறார். பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுபோகிறது. ஆள் வருவார் என்று நம்பி ஒருவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பிரான்ஸில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு மாலை வீடியோ காலே அன்றைய நாளின் பெரிய விஷயம்.

இந்த நிலையில் நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, போனில் கத்துவது. அல்லது, 'இவனுங்ககிட்ட பேசி என்ன பண்றது' என்று விட்டுவிடுவது. இரண்டுமே நிறுவனத்துக்குத்தான் வசதி. கத்தியதற்கு எந்தப் பதிவும் இருக்காது, விட்டுவிட்டால் கணக்கே முடிந்தது. பதிவு செய்த புகாருக்குத்தான் சட்டத்தில் மதிப்பு உண்டு.

தாமதம் எங்கே நடக்கிறது?

முதலில், எங்கே சிக்குகிறது என்று புரிந்துகொள்வோம். நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒற்றை ஃபைபர் இழை உங்கள் தெருவில் ஒரு பெட்டிக்கு வருகிறது. அதற்குள் இருக்கும் 'ஸ்பிளிட்டர்' என்ற சிறு கருவி, அந்த ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறது. பொதுவாக ஒரு இழையில் 32 அல்லது 64 வீடுகள். அந்த இடங்கள் நிரம்பிவிட்டால் 'போர்ட் ஃபுல்' என்பார்கள். புதுப் பெட்டி வைத்தால்தான் உங்களுக்கு இடம். இது தெரியாமலேயே விற்பனைப் பிரிவு உங்களிடம் பணம் வாங்கியிருக்கலாம்.

அடுத்தது, பெட்டியிலிருந்து வீடு வரை கேபிள் இழுப்பது. வழியில் மின்கம்பம், பக்கத்து வீட்டு மொட்டை மாடி, மரக்கிளை என்று ஆயிரம் தடை. அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதி, வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட வீட்டு ஓனரின் சம்மதம். புயல் வந்தால் சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மரமும் கம்பமும் சாய்ந்தால் தலைக்கு மேல் தொங்கும் கேபிளும் சேர்ந்துதான் அறுந்து விழும். அப்படிப்பட்ட நாள்களில் தாமதம் ஆவதை நாமும் புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் போனை எடுப்பவர் எங்கோ ஒரு கால் சென்டரில் இருக்கிறார். ஏணியோடு வருபவர் பெரும்பாலும் உள்ளூர் ஒப்பந்தக்காரரின் ஆள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. 'நாளைக்கு வருவார்' என்று சொல்பவருக்கு, வர வேண்டியவரின் நாளைய வேலை என்னவென்று தெரியாது. அதனால் ஏணியோடு வரும் தம்பியிடம் கோபத்தைக் காட்டிப் பயனில்லை. தேதியைத் தவறவிட்டது நிறுவனம்தான், கேள்வியும் அதனிடம்தான் கேட்க வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், சேவைத் தரத்துக்கான புதிய விதிமுறைகளை 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. அவை அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதன்படி, வாடிக்கையாளர் பணம் கட்டிய 7 நாள்களுக்குள் 98 சதவிகிதம் பிராட்பேண்ட் இணைப்புகளைத் தந்துவிட வேண்டும். இணைப்பு வந்த பிறகு ஏற்படும் பழுதை 3 நாள்களுக்கு மேல் சரிசெய்யாமல் இழுத்தால், போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும்.

ஆக, 'கொஞ்சம் லேட் ஆகத்தான் செய்யும்' என்பது சலுகையாக நாம் ஏற்க வேண்டிய விஷயம் அல்ல. 8-வது நாளிலிருந்து கேள்வி கேட்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழம்ப வேண்டாம். டிராய் தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் அமைப்பு அல்ல. விதிகளை வகுப்பதும் நிறுவனங்களைக் கண்காணிப்பதும்தான் அதன் வேலை. உங்கள் புகாருக்கு வேறு பாதை இருக்கிறது.

முதல் படி: புகார் எண்

2012-ல் டிராய் கொண்டுவந்த புகார் தீர்வு விதிகளின்படி, நீங்கள் புகார் சொன்னதும் அதற்கென்று தனி எண் தர வேண்டும். ஆங்கிலத்தில் 'டாக்கெட் நம்பர்' என்பார்கள். அந்த எண்ணும், பதிவான தேதியும், எத்தனை நாளில் தீர்ப்போம் என்ற கெடுவும் எஸ்.எம்.எஸ். மூலம் உங்களுக்கு வர வேண்டும்.

'நோட் பண்ணிக்கிட்டேன் சார்' என்று சொல்லி வைத்துவிட்டால் அது புகாரே அல்ல. 'டாக்கெட் நம்பர் சொல்லுங்க' என்று கேட்டு வாங்கிய பிறகுதான் போனை வைக்க வேண்டும். ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், பேசியவர் பெயர், எண், அவர் தந்த வாக்குறுதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பணம் கட்டிய ரசீதையும் வந்த எஸ்.எம்.எஸ்.களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

போனோடு நிறுத்தாமல் இ-மெயிலும் அனுப்புங்கள். பெரிய கடிதம் தேவையில்லை. இப்படி நான்கு வரி போதும்:

'இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய் செலுத்தி ஃபைபர் இணைப்புக்கு விண்ணப்பித்தேன். இன்றுவரை இணைப்பு தரப்படவில்லை. இதுவரை நான் பதிவு செய்த புகார் எண்கள் இவை. எந்தத் தேதிக்குள் இணைப்பு தருவீர்கள் என்று எழுத்துபூர்வமாகத் தெரிவியுங்கள். தர இயலாது என்றால் நான் கட்டிய முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.'

திட்டோ புலம்பலோ வேண்டாம். தேதியும் தொகையும் எண்ணும் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: மேல்முறையீடு

பலருக்கும் தெரியாத படி இது. கெடு முடிந்தும் புகார் தீரவில்லை, அல்லது தீர்த்ததாகச் சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள் என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாள்களுக்குள் முறையிடலாம். ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஓர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டணம் கிடையாது. 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதியும் ஒருவர் இருப்பார். அதிகாரியின் தொடர்பு விவரம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும்.

அனுபவத்தில் பார்த்தால், கஸ்டமர் கேரில் பல நாள் நகராத புகார்கூட 'அப்பீல்' என்ற பெயரில் போகும்போது அசைந்து கொடுக்க வாய்ப்பு அதிகம்.

கூடவே 1915 என்ற எண்ணையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். இது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். வழக்குக்கு முன்பே நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள்.

மூன்றாம் படி: ஒரு போன் பில்லும் உச்ச நீதிமன்றமும்

இதற்கும் அசையவில்லையா? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இந்தக் கதவு நமக்கு இன்று திறந்திருப்பதற்கு அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளரின் பிடிவாதம் காரணம்.

அஜய் குமார் அகர்வால் என்பவர் வோடபோன் வாடிக்கையாளர். மாதம் 249 ரூபாய் வாடகைத் திட்டம். சராசரியாக 555 ரூபாய் பில் வரும். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான காலத்துக்கு வந்த பில்லோ 24,609 ரூபாய்! அவர் 2014-ல் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்.

நிறுவனம் ஒரு சட்டப் பிரச்னையைக் கிளப்பியது. 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டப்படி இப்படிப்பட்ட தகராறு நடுவரிடம்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றம் விசாரிக்கக் கூடாது என்றது. 2009-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி நாடு முழுக்க எத்தனையோ தொலைபேசி வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அகர்வாலின் வழக்கு மாவட்டம், மாநிலம், தேசிய ஆணையம் என்று ஏறி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 16 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது: தொலைத்தொடர்புச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதுதான். வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்துக்குப் போவதைத் தந்திச் சட்டம் தடுக்காது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்கான விளக்கத்திலேயே தொலைத்தொடர்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

முத்தியால்பேட்டையா, கோட்டக்குப்பமா?

நம் ஊரில் இது ஒரு முக்கியமான கேள்வி. முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம். தொலைபேசிக் குறியீடு இரண்டுக்கும் 0413-தான். ஆனால், முதலாவது புதுச்சேரி, இரண்டாவது விழுப்புரம் மாவட்டம்.

2019 சட்டப்படி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கோட்டக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை என்றால் உங்கள் வசதிப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்னை ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆன்லைனில் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் பதிவு செய்யலாம். அங்கே கேட்கப்படும் ஆதாரம் என்ன தெரியுமா? ரசீது, புகார் எண்கள், இ-மெயில்கள். முதல் நாளிலிருந்து நீங்கள் நோட்டில் எழுதியவைதான்.

கேட்காமலே கிடைக்கும் இழப்பீடு

இங்கிலாந்தில் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் ஏற்பாட்டில், 2019 ஏப்ரல் 1 முதல் 'தானியங்கி இழப்பீடு' திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்த நிறுவனங்கள், சொன்ன தேதியில் இணைப்பு தராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5 பவுண்டு, வருகிறேன் என்ற ஆள் வராவிட்டால் 25 பவுண்டு என்று தொடக்கத்தில் நிர்ணயித்தார்கள். வாடிக்கையாளர் கேட்கவே வேண்டாம், பில்லில் தானாகக் கழிந்துவிடும்.

வராத ஆளுக்காக லீவு போட்டுக் காத்திருந்தவரின் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் அந்த விலையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பணம் கட்டும் முன்பும், ஆள் வந்த பின்பும்

* 'எங்கள் தெருப் பெட்டியில் போர்ட் காலியா?' என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் எந்த நிறுவனம், பழுது வந்தால் எத்தனை நாளில் வருகிறார்கள் என்று விசாரியுங்கள்.
* எத்தனை மீட்டர் கேபிள் இலவசம், நிறுவும் கட்டணம் உண்டா, மோடம் வாடகையா, சொந்தமா, இணைப்பு வராவிட்டால் பணம் திரும்புமா... இவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.
* வாடகை வீடு என்றால் ஓனரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஆள் வந்து நின்ற பிறகு அனுமதி கேட்டால் இன்னொரு வாரம் போகும்.
* புது இணைப்பு ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடிய பிறகு பழைய இணைப்பை நிறுத்துங்கள்.
* வேலை முடியும் முன் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். பல நிறுவனங்களில் அந்த எண்ணைப் பதிந்தால் 'வேலை முடிந்தது' என்று கணக்கு மூடிவிடும்.
* மோடத்தில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வெளியே கேபிளில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். போட்டோ எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள். 'மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற பாடத்தில் பாதி மிச்சமாகும்.
* கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி முதலில் வருவதை அழைக்காதீர்கள். போலி எண்கள் உலவுகின்றன. பில்லிலோ நிறுவனத்தின் செயலியிலோ உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். ஏமாந்து பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்து, பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், இந்த வேலையைப் பிள்ளைகளே ஏற்றுக்கொள்ளலாம். மெயில் அனுப்பவும் மேல்முறையீடு செய்யவும் புதுச்சேரிக்கு வர வேண்டியதில்லை. அம்மாவோ அப்பாவோ செய்ய வேண்டியதெல்லாம், ஒவ்வொரு முறை பேசும்போதும் அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துவைப்பது மட்டும்தான்.

அடுத்த முறை 'நாளைக்கு ஆள் வருவாங்க சார்' என்று குரல் வந்தால் கோபப்படாதீர்கள். 'சரிம்மா, எத்தனை மணிக்கு? டாக்கெட் நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்' என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள்.