வெயிலுக்கு ஒரு வசந்தா!

சினிமாவில் வசந்த காலம் வந்தால் கதாநாயகி பூந்தோட்டத்தில் ஓடுவாள். எங்கள் விருதுநகர் ஜில்லாவில் வசந்த காலம் வந்தால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெருநாய்கூட ஓடாது. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வேலிக்கருவை மட்டும் 'எனக்கென்ன வந்தது' என்று பச்சையாக நிற்கும்.

ஆனாலும் ஓர் இசைப் பைத்தியத்துக்கு இதைவிட நல்ல சீசன் கிடையாது. மார்கழியை சென்னைக்காரர்கள், சபா காண்டீன் சகிதம், வைத்துக் கொள்ளட்டும். பங்குனியும் சித்திரையும் எங்களுக்கு!

முதலில் எங்கள் காதைப் பற்றி ஒரு வார்த்தை. தூரத்தில் 'டம்'மென்று ஒரு சத்தம் கேட்டால் வேறு ஊர்க்காரர், 'எங்கேயோ கல்யாணம்' என்பார். சிவகாசி, சாத்தூர் பக்கம் சாப்பிட்டுக் கொண்டிருப்பவர் எச்சில் கையோடு மொட்டை மாடிக்கு ஓடுவார். எந்தத் திசையில் புகை? நம்ம வீட்டுப் பெண் வேலை பார்ப்பது எந்த ஆபீஸ்? (பட்டாசுத் தொழிற்சாலைக்கு இங்கே 'ஆபீஸ்' என்றுதான் பெயர். ஃபைல் கிடையாது, மருந்து உண்டு.) 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் அப்படிக் கேட்ட சத்தங்கள் எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்திவிட்டன. வெயில் ஏற ஏற மருந்து ரூமில் வேலை செய்பவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெஸிபலுக்கு மேல் பட்டாசு வெடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விபத்துக்கு அந்த விதி தெரியாது.

இப்படிச் சதா விறைத்துக் கொண்டிருக்கும் காதைச் சாயங்காலமாவது கொஞ்சம் தளர்த்த வேண்டாமா? அதற்குத்தான் இந்த சிபாரிசு.

ஆபீஸ் விட்டு (ஃபைல் உள்ள ஆபீஸைச் சொல்கிறேன்) வந்ததும் முகம் கழுவிவிட்டு வசந்தா ராகம் கேளுங்கள். சாயங்கால ராகம். பஞ்சமமே கிடையாது, ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிற மாதிரி ஒரு துள்ளல் இருக்கும். தியாகராஜரின் 'சீதம்ம மாயம்ம' யார் பாடிக் கிடைத்தாலும் சரி. "கர்னாடக சங்கீதமா, ஆளை விடு சார்" என்கிறவர்களுக்கு இளையராஜா இருக்கிறார். 'ராஜபார்வை' (1981) படத்து 'அந்தி மழை பொழிகிறது' வசந்தாதான். ராகம் தெரியாமலே நாற்பது வருஷத்துக்கும் மேலாக வசந்தாவை முணுமுணுத்துக் கொண்டிருக்கிறோம்!

அடுத்து, சாத்தூரைத் தாண்டினால் கோவில்பட்டி. அங்கே குடியிருந்தவர் காருகுறிச்சி அருணாசலம், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு ஆபேரி வாசித்தாரே, 'சிங்கார வேலனே தேவா', அவரேதான். இரண்டே வருஷத்தில், 1964-ல், காலமாகிவிட்டார். வயது ஐம்பதைக்கூட எட்டவில்லை. அந்தப் பாட்டை மொபைலின் பொடி ஸ்பீக்கரில் கேட்பது மகா பாவம். நல்ல ஹெட்போன் இரவல் வாங்கியாவது கேளுங்கள். குரல் எங்கே முடிந்தது, குழல் எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடித்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

பார்ப்பதற்கு? 'தில்லானா மோகனாம்பாள்' (1968) நூறு தடவை பார்த்திருப்பீர்கள். நூற்றி ஒன்றாவது தடவை சிவாஜியையும் பத்மினியையும் விட்டுவிட்டுத் தவில்காரராக வரும் டி.எஸ். பாலையாவை மட்டும் பாருங்கள். பின்னணியில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். இன்னொன்று 'வெயில்' (2006). விருதுநகர்க்காரர் வசந்தபாலன் எடுத்தது, ஜி.வி. பிரகாஷ்குமார் இசையமைத்த முதல் படம். அதில் தியேட்டர் ஆபரேட்டராக வரும் பசுபதியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வராதது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

திரைக்கு வெளியே பார்க்க வேண்டியது விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல். அக்கினிச் சட்டி வரிசைக்கு முன்னால் போகிற நையாண்டி மேளத்துக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். போன வருஷம் அங்கே ஒரு தவில்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"வருஷம் பூரா வாசிப்பீங்களா?"

"எங்க அண்ணாச்சி! பங்குனி, சித்திரை, ஆடி. மத்த மாசம் தீப்பெட்டி ஆபீஸ். இப்ப அதுக்கும் வேட்டு. ரேடியோ செட்டுக்காரன் ஆளுயரத்துக்கு நாலு பொட்டி வச்சுட்டான். நான் அடிக்கிறது எனக்கே கேக்க மாட்டேங்குது."

"பையனுக்குக் கத்துக் குடுத்தீங்களா?"

"அவன் சிவகாசில பேன்சி வெடிக்குப் போறான். வாரச் சம்பளம்" என்றவர், வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே, "தவிலுக்கு வாரமும் கெடையாது, மாசமும் கெடையாதே" என்றார்.

ஸ்பீக்கர் பெட்டிக்காரரிடம் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

இந்த மேளக்காரர்களின் பிழைப்பைப் புரிந்துகொள்ள எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' படியுங்கள். 2018-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். அவரும் நம்ம ஜில்லா, மல்லாங்கிணறு. கரிசல் காட்டு நாதஸ்வரக்காரர்களின் கதை. படித்துவிட்டால் கல்யாண வீட்டில் மேளத்தைக் கவனிக்காமல் அரட்டை அடிக்கக் கூச்சமாக இருக்கும்.

சிவகாசி என்றால் காலண்டர், பட்டாசு என்றுதானே நினைக்கிறோம்? 1886-ல் அங்கே பிறந்த விஸ்வநாத தாஸை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? முருகன் வேஷம் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரனைக் கிண்டல் செய்து பாடுவார். கைது செய்ய போலீஸ் மேடைக்கே வரும். முடி திருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் கூட நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. 1940 டிசம்பர் 31-ல், சென்னையில், 'வள்ளி திருமணம்' நாடகத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக் கொண்டிருக்கும்போதே உயிர் போனது. இவர் பெயரில் ஒரு பாட்டுப் போட்டியாவது வைக்கக் கூடாதா என்று சிவகாசி அன்பர்களைக் கேட்கிறேன். பணமா இல்லை?

கடைசியாக ஆண்டாள். எல்லோரும் திருப்பாவையோடு நிறுத்திவிடுகிறோம். வசந்தத்துக்கு உரியது 'நாச்சியார் திருமொழி'. 143 பாசுரம். காமன் வருகிற காலம் என்று பங்குனிக்காகக் காத்திருப்பதும் அதில் உண்டு, குயிலைக் கூப்பிட்டுத் தூது போகச் சொல்வதும் உண்டு. பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குக் கல்யாணம். சிவகாசியிலிருந்து பஸ் ஏறினால் இருபது கிலோமீட்டர்தான். கூட்டம் நெரியும், சாயங்காலமே போய்விடுங்கள். கோயில் நாதஸ்வரத்தை ஒரு தூணில் சாய்ந்து கேட்டுவிட்டு, திரும்பும்போது பால்கோவா கால் கிலோ வாங்குங்கள். சூடாகக் கிடைத்தால் அரைக் கிலோ.