கைபேசிப் படம் பார்த்துக் கேட்கும் அழகுப் பொருள்கள்

சோப்பும் ஷாம்பும் முகக்கிரீமும் மளிகைக் கடைக்குப் பழைய சரக்குதான். ஆனால் வாடிக்கையாளர் கேட்கும் முறை மாறிவிட்டது. முன்பெல்லாம் “நல்ல ஷாம்பு எது அண்ணாச்சி?” என்று கேட்டு வாங்கினார்கள். இப்போது கைபேசியில் படத்தைக் காட்டி “இது இருக்கிறதா?” என்கிறார்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வரவழைத்துக்கொள்கிறார்கள். இந்த விளம்பர முறையை வணிகர்கள் அறிந்துகொள்வது அவசியமாகும்.

துவரம்பருப்பின் ருசியைப் படத்தில் காட்ட முடியாது. கூந்தலின் பளபளப்பையும் உதட்டுச் சாயத்தின் நிறத்தையும் காட்ட முடியும். அழகுப் பொருளுக்கு இந்த வசதி முன்பே இருந்தது. 1983-ல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு, கிராமங்களில் சிறுவர்களின் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டியே பழக்கப்படுத்தப்பட்டது. காலிப் பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்ற திட்டமும் நடந்தது. ஊர்ப் பொதுவிடத்தில் அன்று செய்துகாட்டியதை இன்று அரை நிமிட வீடியோ செய்கிறது.

2020 ஜூன் மாத இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கு வந்தன. நிறுவனங்கள் தங்கள் பொருளைச் சிறு ஊர்களிலுள்ள வீடியோ பதிவாளர்களுக்கும் இலவசமாகவோ பணத்துடனோ அனுப்புகின்றன. அவர்கள் பூசிக் காட்டுகிறார்கள். தள்ளுபடிக் குறியீடும் சொல்கிறார்கள். எந்தக் குறியீட்டில் எத்தனை விற்றது என்பது நிறுவனத்துக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு முறை பார்த்தவருக்கு அதே வகை வீடியோக்கள் மீண்டும் மீண்டும் வரும்.

இப்படி எழும் தேவையை நம்பி மொத்தமாகச் சரக்கு எடுக்கலாமா? 2016-ல் இணைய விற்பனையில் தொடங்கிய மாமாஎர்த், பின்னர் கடைகளுக்கும் வந்தது. அதை நடத்தும் ஹொனாசா நிறுவனம் 2023 நவம்பரில் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. விநியோக முறையை மாற்றியபோது தேங்கிய இருப்பைச் சரிசெய்ய வேண்டியதாகி, 2024 ஜூலை-செப்டம்பர் காலாண்டில் நஷ்டம் காட்டியது. பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், சிறு கடையின் முதல் முடங்கினால் தாங்குமா?

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கும் பரிந்துரைக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பணமோ பொருளோ பெற்றுப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. கடைக்காரரே வீடியோவில் தோன்றிப் பரிந்துரைத்தால் அவருக்கும் இது பொருந்தக்கூடும்.

இதைவிடப் பெரிது வாடிக்கையாளரின் உடல்நலம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்திருப்பதை 2023-ல் மருத்துவர்கள் எடுத்துரைத்தார்கள். காரணம், அந்தக் கிரீம்களில் இருந்த பாதரசம்.

ஆகவே வணிகர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. வாடிக்கையாளர் கேட்கும் பெயர்களை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரே பொருளைப் பலர் கேட்ட பிறகு, சிறிய அளவில் மட்டும் கொள்முதல் செய்யுங்கள். விற்காததைத் திரும்ப எடுப்பார்களா என்பதை ஏஜென்டிடம் எழுத்தில் பெறுங்கள்.

2. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பில் இல்லாத சரக்கு வேண்டாம்.

3. புதுச் சரக்கு வந்தால் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, விலையுடன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். இதற்குச் செலவில்லை, தெருவிலுள்ளவர்கள் பார்ப்பார்கள்.

4. “ஏழு நாளில் சிவப்பழகு” போன்ற வாசகங்களை நீங்கள் போட வேண்டாம். லேபிளில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள்.

வீடியோவில் பேசியவரை வாடிக்கையாளர் நேரில் காணப்போவதில்லை. முகத்தில் கொப்புளம் வந்தால் அவர் வந்து நிற்பது நமது கடை வாசலில்தான். அதை மனத்தில் வைத்துச் சரக்கு எடுப்பதே நமக்கு நல்லது.