உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா?

மேசைமேல் அசையாமல் கிடக்கும் கைபேசியில், வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானி என்ன அளவு காட்டும்? பூஜ்யம் என்றுதான் தோன்றும். அது காட்டுவதோ நொடிக்கு நொடி 9.8 மீட்டர், அதுவும் மேல்நோக்கி! கைநழுவி விழும்போது, தரையைத் தொடும்வரையிலான அந்த அரை நொடியில்தான் அளவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும்.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. சில்லுக்குள் ஒரு சிலிக்கன் துணுக்கு, தலைமுடியைவிட மெல்லிய வில்களில் தொங்குகிறது. அதன் விளிம்பில் சீப்புப் பற்கள். எதிரே அசையாத இன்னொரு சீப்பு. இரண்டும் கோத்திருக்கும், தொட்டுக்கொள்ளாது. கைபேசி அசைந்தால் துணுக்கு ஒரு கணம் பின்தங்கும், பற்களின் இடைவெளி மாறும், அந்த மாற்றம் மின்சமிக்ஞையாக வெளிவரும். சும்மா கிடக்கும்போதும் புவியீர்ப்பு துணுக்கை இழுத்து வில்லைத் தொய்ய வைக்கிறது. விழும்போது துணுக்கும் கூடும் சேர்ந்தே விழுவதால் வில்லுக்கு வேலை இல்லை. கீழே என்பது எந்தப் பக்கம்? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்த கருவிதான் நாம் நடப்பதையும் படுப்பதையும் கண்டுகொள்கிறது.

இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்பெயினின் கேட்டலோனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 19 முதல் 48 வயதுவரை 30 பேர். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சாம்சங் கேலக்ஸி எஸ்2. நடந்தார்கள், படி ஏறினார்கள், இறங்கினார்கள், உட்கார்ந்தார்கள், நின்றார்கள், படுத்தார்கள். முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் நொடிக்கு 50 முறை அளவெடுத்தன. அந்த அளவுகளை 2.56 நொடித் துண்டுகளாக வெட்டினார்கள். துண்டுக்கு 128 அளவுகள். மெதுவாக மாறுவது புவியீர்ப்பின் பங்கு, விரைந்து துடிப்பது உடலின் பங்கு என்று வடிகட்டிப் பிரித்ததுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

21 பேரின் அளவுகளைக் கொண்டு கணினியைப் பழக்கி, அது அறியாத மற்ற 9 பேரை வைத்துத் தேர்வு நடத்தினார்கள். 2013இல் வெளியான முடிவில் மொத்தத் துல்லியம் 96 விழுக்காடு. படுத்திருந்த 537 துண்டுகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. படுத்தால் ‘கீழே’ என்னும் திசையே புரண்டுவிடுகிறது அல்லவா. படியேறுவதையும் நடையையும் பிரிப்பதுதான் கடினம் என்று நாம் நினைப்போம். கணினி அதிகம் தடுமாறியது உட்கார்ந்திருப்பவரிடம். அந்த 491 துண்டுகளில் 57ஐ நிற்பதாகச் சொல்லிவிட்டது. இரண்டு நிலையிலும் முதுகு நிமிர்ந்தே இருக்கிறது, உடல் அசைவதில்லை. இடுப்பிலிருந்து பார்த்தால் வேறுபாடு மிகச் சிறிது.

கைபேசி கால்சட்டையின் முன்பையில் இருந்தால் கதை வேறு. உட்காரும்போது தொடை கிடைமட்டமாகிறது, கைபேசியும் கூடவே சாய்கிறது. நியூயார்க்கின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தார் 2010இல் 29 பேரிடம் அப்படித்தான் அளவெடுத்தார்கள்.

ஆனால் புடவைக்கு ஏது பை? கைபேசியைக் கைப்பையில் போட்டு வைத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். இந்தத் துறை இன்னும் அக்கறையோடு கவனிக்க வேண்டியது அவர்களைத்தான். கைப்பை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்க, அவர்களில் ஒருவர் மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டு வந்தாலும், கைபேசியின் கணக்கில் அவர் இருந்த இடத்தைவிட்டு எழவே இல்லை.