விலைக்குப் போன முதலிடம்

கடைத்தெருவில் குடை வேண்டுமென்று கேட்டால், கடைக்காரர் எதை முதலில் எடுத்துக் காட்டுகிறார் என்பதில் ஒரு நோக்கம் இருந்தே தீரும். எதில் ஊதியம் மிகுதியோ அதுவே முன்னே வரும். வாங்குவோர் அதனை அறிவர். அறிந்தே பேரம் பேசுவர். இணைய அங்காடியிலோ, கேட்ட சொல்லுக்கு எது மிகப் பொருந்துமோ அதுவே பட்டியலின் தலையில் நிற்கிறதெனப் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை முழுவதும் சரியன்று.

தேடலில் இடம் விற்கும் வழக்கம் அங்காடிகளில் பிறந்ததன்று. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பார் தொடங்கிய கோடூ என்னும் தேடுபொறி, சொல்லுக்குச் சொல் ஏலம் விட்டு, மிகுதியாகத் தருபவர்க்கு முதலிடம் அளித்தது. அதே ஆண்டில், கூகிளை அமைத்த செர்கே பிரின், லாரி பேஜ் ஆகிய இருவரும், விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரம் தருவோர் பக்கம் சாயுமெனத் தம் ஆய்வுரையில் எழுதினர். 2000-இல் அவர்தம் நிறுவனமே சொற்களுக்கு விளம்பரம் விற்கப் புகுந்தது!

ஏலம் நடைபெறும் வகை இது. ‘குடை’ என்னும் சொல்லைத் தேடுவோர் தம் விளம்பரத்தைச் சொடுக்கினால் இவ்வளவு தருவதாக வணிகர் முன்னரே குறித்து வைக்கிறார். ஒருவர் அச்சொல்லை எழுதிய நொடியிலேயே கணினி ஏலத்தை முடித்துவிடும். தொகையோடு, அவ்விளம்பரம் சொடுக்கப்படுமா என்பதும் எடைபோடப்படும். சொடுக்கியவர் ஒன்றும் வாங்காமற் போனாலும் வணிகர் பணம் செலுத்தியே ஆகவேண்டும்.

விளம்பரமல்லாத எஞ்சிய வரிசையேனும் தூயது என்று எண்ணிவிடலாகாது. அவ்வரிசையில் விற்பனைக்குப் பெரும் பங்குண்டு. காசு கொடுத்து முன்னே நின்ற குடை மிகுதியாக விற்கும். விற்றதனாலேயே இயல்பான வரிசையிலும் மேலேறும். கைப்பொருள் குறைந்த சிறு வணிகர் நல்ல குடை வைத்திருந்தும் மூன்றாம் பக்கத்திற் கிடப்பர். இன்னொரு கொடுமையும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பெயரையே தேடினாலும் போட்டியாளர் பொருள் தலைமேல் வந்து நிற்கலாம்; அதனைத் தடுக்கத் தம் பெயருக்குத் தாமே விலை கொடுப்போர் பலர். இச்செலவு குடையின் விலையில் ஏறாமல் வேறெங்கே போகும்?

அமேசான் நிறுவனம் 2021-இல் விளம்பரத்தால் பெற்ற வருவாய் சுமார் 3,100 கோடி டாலர். 2024-இல் அது 5,600 கோடியைக் கடந்தது. தேடல் முடிவுகளை விளம்பரத்தால் நிரப்பி வாங்குவோரை அலைக்கழிக்கிறது என்பது, 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையமும் 17 மாநிலங்களும் அந்நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நிறுவனம் அதனை மறுத்துள்ளது.

விளம்பரத்தைக் காட்டிக்கொடுக்கும் குறி, பெரும்பாலும் சிறிய எழுத்தில் வரும் ‘ஸ்பான்சர்ட்’ என்னும் சொல்லே. கலைவிழாவுக்குப் பொருளுதவி செய்யும் புரவலரை நினைவூட்டும் சொல் அது. இங்கோ புரவலருமில்லை, கொடையுமில்லை. இடத்துக்குக் கொடுத்த வாடகை மட்டுமே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தேடல் வரிசையில் உயர்வதற்குப் பணம் பெற்றிருந்தால் அதனைத் தெளிவாக வெளியிடாமை முறையற்ற வணிகமாகும்.