தர்பூசணிக்குத் திசு வளர்ப்பு நாற்று தேவையா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளில் கிணற்றுப் பாசனம் உள்ள கரிசல் நிலத்தில் தை மாதம் தர்பூசணி போட்டால், கோடை விற்பனையைப் பிடிக்கலாம். வாழைக்கு இருப்பதுபோல் தர்பூசணிக்கும் திசு வளர்ப்புக் கன்று வாங்கி நடலாமா என்று நீங்கள் யோசிக்கலாம். கூடுதல் விலை கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

தர்பூசணி விதையின் மேல்தோலை நீக்கி, கிருமி நீக்கம் செய்து, ஊட்டச்சத்துக் கூழில் முளைக்க வைக்கிறார்கள். சில நாட்களில் விரியும் வித்திலையின் அடிப்பகுதியை நறுக்கி, பென்சைல் அடினைன் என்ற வளர்ச்சி ஊக்கி சேர்த்த கூழில் வைக்கிறார்கள். வெட்டிய இடத்தில் சில வாரங்களில் புதிய தளிர்கள் வரும். அவற்றைப் பிரித்து வேர் பிடிக்கச் செய்து, நிழலில் பழக்கிய பிறகே வெளியே நடுகிறார்கள்.

வாழைக்கும் தர்பூசணிக்கும் வேறுபாடு

நாம் பயிரிடும் வாழையில் விதை இல்லை. அதனால் திசு வளர்ப்பு பெரிதும் உதவுகிறது. தர்பூசணியோ விதை போட்டு 75 முதல் 90 நாட்களில் அறுவடைக்கு வரும் பயிர். அதற்கு ஆய்வகக் கன்று வாங்கினால் செலவு கட்டாது. மேலும், வித்திலையிலிருந்து வரும் செடிகளில் சில தாய்ச்செடியைப் போல் இருக்காது. குரோமோசோம் எண்ணிக்கை 22 என்பது 44 ஆக மாறியிருக்கும். விவசாயிக்கு இது கலப்பு. காய் ஒரே சீராக வராது.

யாருக்குப் பயன்?

அந்த 44 குரோமோசோம் செடிதான் விதை உற்பத்தியாளருக்குத் தேவை. அதைப் பெண்ணாகவும் சாதாரணச் செடியை ஆணாகவும் வைத்துச் சேர்த்தால் 33 குரோமோசோம் உள்ள விதை கிடைக்கும். அதை நட்டால் விதையில்லாத் தர்பூசணி காய்க்கும். ஆகவே திசு வளர்ப்பின் பலன் உங்களுக்கு விதை வழியாகவே வந்து சேர்கிறது.

விதையில்லா ரகம் போடுவோர் கவனத்துக்கு

* இதன் மகரந்தம் வீரியமற்றது. இரண்டு, மூன்று வரிசைக்கு ஒரு வரிசை சாதாரண ரகம் நட வேண்டும். இல்லையென்றால் காய் பிடிக்காது.
* விதைத்தோல் தடிப்பானது, முளைப்பு குறைவு. நேரடியாக விதைக்காமல் குழித்தட்டில் நாற்று விடுங்கள்.
* பூக்கும் காலத்தில் காலையில் மருந்து அடிக்காதீர்கள். தேனீ வராவிட்டால் காய் இல்லை.

கரிசலில் நடும்போது

கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேட்டுப்பாத்தி அமைத்து, சொட்டுநீரில் அளவாகப் பாய்ச்சுங்கள். காயவிட்டுத் திடீரென்று அதிகம் பாய்ச்சினால் காய் வெடிக்கும். இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் வைரஸும், மண்ணில் இருக்கும் வாடல் நோயும் எந்த நாற்றையும் தாக்கும். 'திசு வளர்ப்பு, நோயே வராது' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வாங்கும் முன் கேளுங்கள்

நாற்று விதையிலிருந்து வந்ததா, ஆய்வகத்திலிருந்து வந்ததா? ரகத்தின் பெயர் என்ன? விதைப் பொட்டலத்தில் குவியல் எண், முளைப்புத்திறன், காலாவதி தேதி உள்ளதா? ரசீதையும் பொட்டலத்தையும் அறுவடை வரை பத்திரமாக வையுங்கள். விதையில் குறை இருந்தால் புகார் செய்ய அவைதான் சாட்சி. சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன்பே வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ, கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகிக் கேளுங்கள்.