தாங்கியும் தறப்பாளும்

குழந்தைக்கு ஏணை கட்டுவது நம் வீடுகளில் பழகிய விடயம். பெரியவர்கள் படுக்கும் தொங்கு படுக்கையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களிடமிருந்து 1492 ஆம் ஆண்டின் பின்னர் ஐரோப்பியர் இதனை அறிந்துகொண்டனர். ஈர நிலத்தில் உடல் படாமல் உறங்க இது உதவுகிறது. மரங்கள் இல்லாத இடத்திலும் பயன்படுத்துவதற்கென, கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய உலோகத் தாங்கிகள் இன்று கிடைக்கின்றன.

முகாமுக்குச் செல்வோர், தாங்கியை விரித்து அதன் மேலேயே ஒரு தறப்பாளைக் கட்டிவிட்டால் மழைக்கு ஆயத்தம் என எண்ணக்கூடும். ஆனால், தறப்பாளை எதில் கட்டுகிறோம் என்பதிலேயே பாதுகாப்புத் தங்கியுள்ளது.

தாங்கி, படுப்பவரின் பாரத்தைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்வாக இருந்தால், 60 கிலோகிராம் எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் ஏறத்தாழ 60 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான இழுவை உண்டாகும். கயிற்றை இறுக்கி 10 பாகையாக்கினால் அந்த இழுவை 170 கிலோகிராமையும் தாண்டிவிடும். எனவே சற்றுத் தொய்வாகக் கட்டுவதே முறை.

தறப்பாளின் கதை வேறு. காற்றடிக்கும்போது அது தோணியின் பாய் போலாகிவிடுகிறது. 3 மீற்றர் நீள அகலமுள்ள தறப்பாளில், மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று நேராக மோதினால் ஏறத்தாழ 50 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான தள்ளுவிசை பிறக்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். தறப்பாள் தாங்கியில் கட்டப்பட்டிருந்தால், படுத்திருப்பவரோடு சேர்த்துத் தாங்கியையும் அது கவிழ்த்துவிடலாம்.

ஆகவே, தாங்கி ஆளைச் சுமக்கட்டும். தறப்பாளை நிலம் பிடிக்கட்டும். இரண்டு தனிக் கம்புகளை நட்டு, அவற்றைக் கயிறுகளால் நிலத்து முளைகளோடு இழுத்துக் கட்டவேண்டும். கம்புகளுக்கிடையே நடுக்கயிற்றை இழுத்து, தறப்பாளைக் கூரை போல இருபுறமும் சரிவாக விரிக்கவேண்டும். காற்று வரும் பக்கத்து ஓரம் நிலத்துக்கு அண்மையில் தாழ்ந்திருப்பது நல்லது. சரிவு இல்லாவிட்டால் நீர் தேங்கும். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம். 9 சதுர மீற்றர் தறப்பாளில் 10 மில்லிமீற்றர் மழை அப்படியே தேங்கினால் அது 90 கிலோகிராம் பாரம்!

படுக்கைக் கயிற்றின் வழியேயும் மழைநீர் வழிந்து வரும். தறப்பாளின் நிழலுக்குள் வரும் இடத்தில் அக்கயிற்றில் ஒரு துணித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும். உடலுக்குக் கீழே காற்று வீசுவதால் முதுகு குளிரும். பாயையோ தடித்த போர்வையையோ விரித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் மழைக்கும் மிதமான காற்றுக்குமே. மின்னலுக்குத் தறப்பாள் எந்தப் பாதுகாப்பும் தராது. நம் நாட்டில் ஏப்ரலிலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்களில் இடிமழை அதிகம். இடியோசை கேட்ட உடனேயே படுக்கையை விட்டிறங்கி, உறுதியான கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ செல்லவேண்டும்; மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழியும்வரை திரும்பவும் கூடாது.

பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும் பெற்றோர், தறப்பாள் இருக்கிறதா என்பதோடு, அருகில் ஓடி ஒதுங்க ஓர் உறுதியான கட்டடம் இருக்கிறதா என்பதையும் கேட்டறிந்துகொள்வது நன்று.