உங்களுக்குத் தெரியுமா? சைக்கிளில் போவோரின் தற்காப்பு

● சைக்கிளில் போகிறவர் தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்று 1901ஆம் ஆண்டிலேயே பத்திரிகையில் கட்டுரை வந்துவிட்டது. இங்கிலாந்தின் ‘பியர்சன்ஸ் மேகசின்’ இதழில் மார்கஸ் டிண்டல் என்பவர் அதை எழுதினார். வழிப்பறிக்காரன் மறித்தால் சைக்கிளையே கேடயமாகப் பிடிப்பது எப்படி, நாய் துரத்தினால் என்ன செய்வது என்றெல்லாம் அதில் சொல்லியிருந்தார். வடசென்னையின் காலடிப்பேட்டையில் இருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் ஷிப்டுக்கு மிதித்துப் போகிறவருக்கு அந்த இரண்டு பயமும் இன்றைக்கும் உண்டு. மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: டிரெய்லர் லாரி.

● நாற்பது அடி கன்டெய்னர் ஒன்றின் நீளம் 12 மீட்டருக்கும் அதிகம். சரக்கோடு சேர்த்தால் எடை 30 டன் வரை போகும். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983இல். எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001இல் தொடங்கியது. பிறகு காட்டுப்பள்ளியும் சேர்ந்துகொண்டது. இவற்றுக்குப் போகும் வண்டிகளுக்கு நடுவில்தான் மீன்கூடை வைத்தவரும், பள்ளிப் பிள்ளையும், ஒப்பந்தத் தொழிலாளியும் சைக்கிள் மிதிக்கிறார்கள்.

நம் ஊர் லாரியில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். கேபினின் இடப்பக்கத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படவே படாது. கூட ஒரு கிளீனர் இருந்து எட்டிப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. இதைவிடப் பெரிய ஆபத்து, வண்டி இடப்பக்கம் திரும்பும்போது வருகிறது. முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரங்கள் போவதில்லை; உள்ளே ஒதுங்கி, குறுக்கு வெட்டாக வரும். முன்பகுதி அகலமாக வளைந்து போவதைப் பார்த்து, ‘இடம் இருக்கிறதே’ என்று இடப்பக்கம் நுழைகிறவர் அந்தச் சக்கரங்களுக்கு நேராகப் போய் மாட்டிக்கொள்கிறார்.

ஆகவே சிக்னலில் நிற்கும் டிரெய்லரின் இடப்பக்கமாக முன்னேறிப் போகவே கூடாது. பின்னால் நில்லுங்கள், அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிற தூரத்தில். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. முந்திப் போய் மிச்சப்படுத்தும் அரை நிமிடம் எந்த ஷிப்டுக்கும் பெரிதல்ல.

ஓரத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கும் டிரெய்லர்களைச் சுற்றிக்கொண்டு சாலை நடுவுக்கு வர நேர்கிறதா? வளைவதற்கு வெகு முன்பே திரும்பிப் பாருங்கள், வலக்கையை நீட்டிக் காட்டுங்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் உள்ளே புகுந்து வெளியே வருவதைவிட, ஒரே நேர்கோட்டில் போவது நல்லது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள் என்பது தெரிய வேண்டும்.

● சரக்கு லாரிகளின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, பக்கவாட்டில் தடுப்புக் கம்பிகள் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. சைக்கிள்காரரும் நடந்து போகிறவரும் சக்கரத்துக்கு அடியில் போகாமல் தடுக்கவே அந்த ஏற்பாடு. கம்பி வளைந்தோ கழன்றோ கிடக்கும் வண்டி கண்ணில் பட்டால் எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள். துறைமுக வண்டிகளுக்காகச் சாலையை அகலப்படுத்த முடிந்த ஊரில், சைக்கிளுக்கென்று தடுப்பு வைத்த ஒரு தடம் கேட்பது பேராசை இல்லை.

● திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். 1946இல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத்தான் தொடங்கியது. புல்லட் தயாரித்த திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையின் இங்கிலாந்து மூல நிறுவனமோ முதலில் சைக்கிள் கம்பெனி. பக்கத்து எண்ணூரில் அசோக் லேலண்டின் லாரிகள். டயர், பைக், லாரி மூன்றும் செய்த இந்தப் பகுதியின் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் வேலைக்கு வந்துபோனது சைக்கிளில்.

● முன்பெல்லாம் சைக்கிளுக்கு நகராட்சி உரிம வில்லை வாங்க வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். டைனமோ உரசும் சத்தத்தோடு வீடு திரும்பிய அப்பாக்களைப் பலருக்கும் நினைவிருக்கும். வில்லை போனது நல்லதுதான். விளக்கும் சேர்ந்து போனதுதான் தவறு. சைக்கிளில் பொருத்தும் பிரதிபலிப்பான்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020இல் கொண்டுவந்தது. உங்கள் பழைய வண்டியில் அவை உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. மிதிகட்டையிலும் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள்: மேலும் கீழுமாக அசையும் வெளிச்சத்தைப் பார்த்ததும் ‘இது சைக்கிள்’ என்று லாரி ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும்.

● மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்தான். சைக்கிளுக்கு இல்லை. ஆனாலும் போடுங்கள்.

● இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னையில் 1895இல் ஓடத் தொடங்கி 1953 வரை ஓடியது. சாலையில் பதித்த தண்டவாளப் பள்ளத்தில் சைக்கிள் சக்கரம் சிக்கினால் ஆளைக் கவிழ்த்துவிடும். டிராம் போனாலும், ரயில்வே கேட்டுகளும் துறைமுகப் பக்கத் தண்டவாளங்களும் இருக்கின்றன. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல், அதற்கு நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். மழை நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

● நாய்களை விரட்டுவதற்கென்றே சைக்கிள்காரர்களுக்காகப் பிரான்சில் ஒரு குட்டித் துப்பாக்கி விற்றார்கள். பெயர் ‘வெலோ-டாக்’. நமக்கு அது வேண்டாம். பெரும்பாலும் நாய் துரத்துவது ஓடும் சக்கரத்தையும் அசையும் காலையும்தான். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காமல், மெல்ல நிறுத்தி இறங்குங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் நடந்து நகருங்கள். கால் தூக்கி உதைக்க வேண்டாம்.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் போட வேண்டும். காயம் ஆறிவிட்டதே என்று பாதியில் விடுகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. வெறிநோய் வந்த பின் காப்பாற்ற மருந்து கிடையாது.

● 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304ஆவது பிரிவு இருக்கிறது. கைப்பேசியையோ சங்கிலியையோ பிடுங்கிக்கொண்டு ஓடினால் மூன்றாண்டு வரை சிறை, அபராதம். பறிகொடுப்பவர் நினைவில் வைக்க வேண்டியது வேறு: ஓடும் சைக்கிளில் எதையும் இழுத்துப் பிடித்துப் போராடாதீர்கள். பின்னால் டிரெய்லர் வருகிற சாலையில் விழுவதைவிட ஒரு போன் போவது மேல். பையை உடம்பில் குறுக்காக மாட்டாமல் பின் கேரியரில் இறுகக் கட்டுங்கள். சங்கிலி சட்டைக்குள் இருக்கட்டும்.

அதன்பின் வண்டி எண், நிறம் நினைவிருந்தால் குறித்துக்கொண்டு 112ஐக் கூப்பிடுங்கள். சம்பவம் ராயபுரத்தில் நடந்தாலும் திருவொற்றியூர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டம். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். அந்த நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் விண்ணப்பித்தால், திருடுபோன போனை எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாதபடி முடக்கிவிடலாம். அதற்கு போனின் ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். *#06# அழுத்தினால் திரையில் வரும். இப்போதே எழுதி வீட்டில் வையுங்கள்.

● தாக்க வருகிறவரைத் தடுக்கத் திருப்பி அடிப்பது குற்றமாகாது. அதே சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உங்கள் உடலை மட்டுமல்ல, பக்கத்தில் தாக்கப்படுகிற இன்னொருவரின் உடலையும் காக்கலாம். எல்லை ஒன்று உண்டு: காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. ஆபத்து நீங்கிய பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பில் சேராது. குத்துச்சண்டை வளர்ந்த வடசென்னைக்கு இன்னொன்றும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கால் தரையில் ஊன்றாமல் எந்த அடியும் அடியாகாது. சீட்டில் உட்கார்ந்தபடி சண்டைக்குப் போகாதீர்கள். இறங்குங்கள், சைக்கிளைக் குறுக்கே வையுங்கள், சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள்.

● புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். கற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஆண்களின் கிண்டலும் கெட்ட பேச்சும் இல்லாமல் இல்லை. கூட்டமாக மிதித்த பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பள்ளிப் பெண்களுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001-02இல். டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து அனுப்புங்கள். தொல்லை கொடுக்கிறவனைப் பற்றிச் சொல்ல 181 இருக்கிறது. புகார் சொன்ன பெண்ணின் சைக்கிளைப் பூட்டி வைப்பது தீர்வாகாது.

● 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் வந்தது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அப்படித்தான். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

● சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே, இழப்பீடு எப்படிக் கிடைக்கும் என்று பல குடும்பங்கள் பேசாமல் இருந்துவிடுகின்றன. தேவைப்படுவது இடித்த வண்டியின் இன்சூரன்ஸ்தான். இடித்த வண்டி நிற்காமல் போய் எண்ணும் தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த அப்படிப்பட்ட விபத்துகளில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். விண்ணப்பம் கொடுக்க வேண்டியது வருவாய்த் துறை அதிகாரியிடம். உங்கள் தெருவில் அப்படி அடிபட்டவர் யாராவது இருந்தால், முதல் தகவல் அறிக்கையின் நகலோடு அவர்களை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.